ஆடிக் காற்றில் ஊர்ப் பட்டத் திருநாள்: வள்ளியூர்த் தம்பியின் கேள்விக்கு என் பதில்கள்

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 29

அக்கா, நேற்று உங்கள் ஊரில் பட்டத் திருநாள் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் அடுத்த ஆண்டு நடத்த இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். பெரியவர்களோ, "பட்டம் விடுவது வடநாட்டுப் பழக்கம். அதிலும் ஆடியில் அம்மியே பறக்கும், காகிதம் எங்கே நிற்கும்?" என்கிறார்கள். எது சரி?

ஜூலை 29, இரவு

நிற்கும், தம்பி. நேற்று எங்கள் குளத்தில் நூற்றுக்கு மேல் நின்றன.

எங்கள் ஊர் பணகுடிக்குக் கிழக்கே இருக்கிறது. குளம் பங்குனியிலேயே வற்றிவிட்டது. இனி ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பெருகும். அதனால் உள்வாய் முழுவதும் வெடித்த கரம்பை மண்தான். மரமோ வீடோ காற்றை மறிக்காது. கரையோரம் மட்டும் உடைமரங்கள். பட்டம் விட இதைவிட நல்ல இடம் கிடையாது.

காலை ஆறரைக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தென்னை ஈர்க்கு, வண்ணத்தாள், பழைய செய்தித்தாள், ஒரு குண்டான் மைதாப் பசை. வாலுக்குத் துண்டுத் துணி என் தையல் கடையிலிருந்து இரண்டு சாக்கு போயிற்று. ரவிக்கை வெட்டியதில் மிஞ்சியது, சட்டைக் காலர் வெட்டியதில் மிஞ்சியது எல்லாம் வானத்தில் ஆடியதைப் பார்த்தபோது, எது யாருடைய துணி என்று என்னால் சொல்ல முடிந்தது. "அதோ என் நீலச் சேலை!" என்று ஒரு மதினி கை தட்டினார்.

காற்று பலமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். பட்டத்தின் மேலும் கீழும் சேர்த்துக் கட்டிய சூத்திரக் கயிற்றில் நூல் கட்டும் முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள். நன்றாக நிற்கும்.

ஜூலை 30, காலை

முதல் வேலையாக ஒரு திருத்தம். நேற்றிரவு நான் எழுதிய கடைசி வரியை அப்படியே தலைகீழாக்கிப் படியுங்கள். காற்று பலமானால் முடிச்சைப் பட்டத்தின் மூக்குப் பக்கம் மேலே ஏற்ற வேண்டும். மேலே ஏற்றினால் பட்டம் காற்றுக்குச் சாய்ந்து கொடுக்கும், இழுப்பு குறையும். கீழே இறக்கினால் நிமிர்ந்து நின்று காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கும். ஒன்று நூல் அறும், இல்லாவிட்டால் ஈர்க்கு முறியும். அது காற்று மந்தமான நாளுக்கான வேலை. நேற்று முன்தினம் இரண்டையும் கண்ணால் பார்த்தும் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டேன்.

இன்னொன்று. காற்றாடி விட்டதைப் பற்றி இன்னும் எழுதுமாறு ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் காற்றாடி வேறு, பட்டம் வேறு. பனையோலையைக் குறுக்கே வைத்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் சுற்றுமே, அதுதான் நாங்கள் சிறு வயதில் சொன்ன காற்றாடி. பிறகு காற்றாலைகள் வந்தன. அவற்றையும் ஊரில் காற்றாடி என்றே சொல்கிறோம். நூலில் பறப்பது பட்டம். சென்னையில் அதைக் காற்றாடி என்பார்கள், அவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் இங்கே "காற்றாடியை அறுத்துவிட்டான்" என்று சொன்னால் காற்றாலைக்காரர்கள் ஓடி வருவார்கள்.

ஜூலை 30, இரவு

பெரியவர்கள் சொன்ன அம்மி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை.

மேற்கு மலைத்தொடர் தெற்கே முடியும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அகன்ற வாய்க்கால் மடையில் குறுகினால் தண்ணீர் எப்படிப் பாயும், அப்படி. முப்பந்தலிலும் பணகுடிப் பக்கமும் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுவே காரணம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. எங்களுக்கு வறண்ட காற்று மட்டும்தான் பங்கு. அது வைகாசியில் தொடங்கும், புரட்டாசி வரை ஓயாது.

ஆகையால் நாள் முழுவதும் விடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். காலை ஒன்பதரை வரை பொறுமையான காற்று. சிறு பிள்ளைகளின் பட்டமும் ஏறியது. பத்து மணிக்கு மேல் நிலைமை மாறியது. புழுதி எழும்பியது, ஒரே மூச்சில் பத்துப் பன்னிரண்டு பட்டங்கள் குப்புற விழுந்தன, அழுகை தொடங்கிவிட்டது.

அப்போது எங்கள் பனையேறித் தாத்தா வந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் பனையேறுகிறார். அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையின் பட்டத்தை வாங்கி மடியில் விரித்தார். இடுப்புப் பெட்டியிலிருந்து பாளை அரிவாளை எடுத்தார். பாளையை எவ்வளவு மெலிதாகச் சீவுகிற கத்தி அது! அதன் நுனியால் பட்டத்தின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம் வரைந்தார். தாள் கிழிகிற சத்தமே கேட்கவில்லை. வட்டம் மட்டும் தனியாகக் கழன்று அவர் கால் பக்கம் விழுந்தது. பிள்ளை ஓவென்று கத்தினான். தாத்தா ஒன்றும் சொல்லாமல் ஓட்டையின் விளிம்பில் பசை தடவி, தாள் மேலும் கிழியாமல் இருக்க ஒரு நூலை வட்டமாக ஒட்டினார். வாலில் இன்னும் ஒரு முழம் சேர்த்தார். முடிச்சை இரண்டு விரற்கடை மேலே ஏற்றினார். பிறகு, "இப்போது விடு, பேரப்பிள்ளை" என்றார்.

மற்றப் பட்டங்கள் தரையில் கிடக்க, ஓட்டைப் பட்டம் ஒன்று மட்டும் மேலே நின்றது. நடுவட்டத்தின் வழியாக வானம் தெரிந்தது.

கொரியாவில் கேடயப் பட்டம் என்று ஒன்று உண்டு, அதன் நடுவிலும் இப்படி வட்டத் துளை இருக்கும். காற்றின் ஒரு பங்கைத் துளை வழியாகப் போகவிட்டால் பட்டம் திமிறாமல் நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தாத்தாவிடம் சொன்னேன். "அங்கேயும் காற்று இப்படித்தானா?" என்று கேட்டார்.

மதியம் எல்லோரும் கரைக்குப் போய்விட்டோம். மாலை நான்கரைக்கு மேல் காற்று கொஞ்சம் இறங்கியது, மறுபடியும் விட்டோம்.

ஜூலை 31

மாஞ்சா பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மாஞ்சா கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

கண்ணாடித் தூளும் பசையும் தடவிய நூல் கழுத்தை அறுக்கும். சென்னையில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் அதனால் உயிர் இழந்திருக்கிறார்கள், முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகள் உட்பட. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலை 11 அன்று நைலான் போன்ற செயற்கை இழை மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. மாஞ்சா, ஒருவர் பட்டத்தை இன்னொருவர் அறுப்பதற்கான நூல். எங்கள் ஊரில் யாரும் யாருடைய பட்டத்தையும் அறுக்கவில்லை. எது உயரமாகப் போகும், எது அசையாமல் நிற்கும் என்பதுதான் போட்டி. பட்டத்துக்கு அதுதான் அழகு என்று நினைக்கிறேன்.

நூல் முழுவதையும் வாங்கிக் கொடுத்தவள் நான். எல்லாம் வெறும் பருத்தி நூல். மாஞ்சா இல்லாத பருத்தி நூலால் மனிதருக்கும் பறவைக்கும் ஒரு தொல்லையும் வராது. இதைத் தைரியமாக உங்கள் ஊர்க் கூட்டத்தில் சொல்லலாம்.

மின்கம்பி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டம் சாலையோர மின்கம்பியில் போய் மாட்டியது. ஒரு பையன் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான், பிடித்து நிறுத்தினோம். போன பட்டம் போனதுதான் என்று காலையிலேயே எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். குளத்தின் எந்தப் பக்கம் கம்பி போகிறது என்று பார்த்து, காற்று அந்தத் திசையில் அடித்தால் இடத்தையே மாற்றுங்கள்.

ஆகஸ்ட் 1

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் எழுதியிருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். பட்டம் வடநாட்டுப் பழக்கம் என்கிற பெரியவர்களிடம் இதைக் காட்டுங்கள், தம்பி. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று பட்டத் திருவிழா நடக்கிறது. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று வகை வகையாகச் செய்கிறார்கள். நாம் சூத்திரக் கயிறு என்பதை அவர்கள் முச்சை என்கிறார்கள். பட்டத்தின் தலையில் வில் போல ஒன்றை வளைத்து, அதில் நாண் போல மெல்லிய பட்டியைக் கட்டினால், காற்றில் அது கூவுமாம். அதற்கு விண் என்று பெயர்.

இன்று மாலை தாத்தாவிடம் சொன்னேன், உடனே ஓலை எடுக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 2

விண் கூவியது! முதலில் சத்தமே வரவில்லை. தாத்தா பனையோலைப் பட்டியை எடுத்து, அரிவாளால் இன்னும் மெலிதாகச் சீவி, இழுத்துக் கட்டினார். கருவண்டு பனம்பழத்தைச் சுற்றுவது போல ஒரு ரீங்காரம். அது வானத்திலிருந்து இறங்கி வந்து நூல் வழியாகக் கையிலும் அதிர்கிறது. நூலைப் பிடித்திருந்த என் உள்ளங்கை வீடு வந்த பிறகும் அதிர்ந்துகொண்டிருந்தது.

சாப்பாடு என்ன என்று கேட்டவருக்கு: கரையில் பதநீர், சீசன் முடிகிற நேரத்துக் கடைசிப் பதநீர். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு கையில் பட்டம், மறு கையில் பட்டை என்று பிள்ளைகள் பாடிக்கொண்டே திரிந்தார்கள். மதியத்துக்குப் புளிச்சோறும் துவையலும். ஆடி அமாவாசைக்கு ஊரில் பாதிப்பேர் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அதற்காகவே ஒரு வாரம் முன்னால் வைத்தோம். நீங்களும் நாள் குறிக்கும்போது கோயில் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 5

மாஞ்சா இல்லாத நூலால் ஒரு தொல்லையும் வராது என்று ஜூலை 31 அன்று நான் எழுதியது தவறு. அதை நம்பி யாரும் எதுவும் செய்துவிட வேண்டாம்.

இன்று காலை விறகு பொறுக்கக் குளத்துப் பக்கம் போனேன். கிழக்குக் கரை உடைமரத்தில், என் தலைக்கு ஒரு முழம் மேலே, கறுப்பாக ஏதோ தொங்கியது. காற்றில் ஆடியது. கிழிந்த பட்டத்தின் வால் என்று நினைத்துக் கிட்டே போனேன். கரிச்சான். ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது, அது இறக்கையிலும் இரண்டு சுற்று. திமிறத் திமிற இறுகியிருக்கிறது. செத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். பிளந்த வால் மட்டும் அப்படியே அழகாக இருந்தது. கண்ணில் எறும்பு.

கிளையை வளைத்து இறக்கி, நூலை விரலால் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டுக்கு வந்து கடைக் கத்தரியை எடுத்துப் போய் வெட்டினேன். கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தேன்.

நூலில் மாஞ்சா இல்லை. அது கரும்பச்சை நிறத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 6

கரும்பச்சை நூல் எப்படி வந்தது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நான் வாங்கிக் கொடுத்தவை எல்லாம் வெள்ளைப் பருத்தி நூற்கண்டுகள். பிறகுதான் நினைவுக்கு வந்தது. பதினொரு மணி வாக்கில் நூல் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டார்கள். கடைச் சாவியைக் கொடுத்து, அலமாரியில் மீதமிருக்கும் கண்டுகளை எடுத்துவரும்படி அக்காள் மகளை அனுப்பினேன். ஜூன் மாதம் பள்ளிச் சீருடைப் பாவாடை தைத்ததில் மிஞ்சிய நூல் அது.

ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். தையல் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த சோதனைதான். பருத்தி நூல் காகிதம் எரிவது போல மணத்து எரியும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணியாக உறைந்துவிடும். பச்சை நூலில் கறுப்பு மணி வந்தது. வந்துவிடும் என்று கொளுத்துமுன்பே தெரியும். சீருடைக்குப் பருத்தி நூல் போட்டால் நாலு வெளுப்பில் தையல் விட்டுவிடும் என்று பாலியெஸ்டர் வாங்கியவளே நான்தானே. அன்றைக்கு அதைப் பட்டத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

பருத்தி நூல் வெயிலிலும் மழையிலும் மட்கிப்போகும். பாலியெஸ்டர் அடுத்த ஆடிக்கும் அந்த மரத்தில் இருக்கும்.

ஆகஸ்ட் 7

"அக்கா, ஒரு குருவிக்காக இவ்வளவு வருந்த வேண்டுமா? பட்டமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டம் வேண்டும். அன்று குளத்தில் என் அக்காள் மகள் நூலைப் பிடித்து நின்ற நிற்பை நான் பார்த்தேன். குதிகால் மண்ணில் புதைய, உடம்பைப் பின்னால் சாய்த்து, நூல் இழுக்கிற இழுப்பைத் தாங்கி நின்றாள். பத்து வயது. அதை அவளிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வராது. ஆனால் இந்தச் சீமையில்தானே கூந்தங்குளமும் இருக்கிறது. நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் பயம் வரக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர். அவர்களுக்குத் தீபாவளி குறைந்தா போயிற்று? அந்த ஊருக்குப் பக்கத்துத் தாலுகாவில் இருந்துகொண்டு, "ஒரு குருவிதானே" என்று என்னால் சொல்ல முடியாது.

குஜராத்தில் ஜனவரி 14 உத்தராயணத்துக்கு ஊரே மாடியில் நின்று பட்டம் விடுகிறது. அங்கே ஜனவரி 10 முதல் 20 வரை, காயம்பட்ட பறவைகளை மீட்பதற்கென்றே கருணா அபியான் என்று அரசு நடத்துகிறது. திருநாள் ஒரு நாள், பறவைகளுக்கு ஒதுக்குவது பதினொரு நாள். நாங்கள் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. இருட்டியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

நான் முன்பு மாஞ்சாவைப் பற்றி மட்டும் யோசித்தேன், அதாவது கையில் இருக்கும் நூலைப் பற்றி. அறுந்துபோன நூலைப் பற்றி யோசிக்கவில்லை. அறுந்த பட்டத்தை எல்லோரும் துரத்தினார்கள், பட்டம் கிடைத்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 11, இரவு

இன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டம் விட்ட பிள்ளைகளை மறுபடியும் குளத்துக்குக் கூப்பிட்டேன். கரிச்சானைப் பற்றிச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்கினேன், பிறகு சொல்லிவிட்டேன். புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன்.

தாத்தா இரண்டு துரட்டி கொண்டுவந்தார். வரிசையாகக் கரையைச் சுற்றினோம். ஒவ்வொரு உடைமரத்தின் அடியிலும் நின்று, அண்ணாந்து, வெளிச்சத்துக்கு எதிரே பார்க்க வேண்டும். வெள்ளை நூல் வானத்தோடு கலந்துவிடுகிறது. முள் எல்லோர் கையையும் கீறியது. எடுத்த நூலைத் தேங்காய் மட்டையில் சுற்றிக்கொண்டே வந்தோம். பதினொரு மணிக்கு வெயில் ஏறும்போது அது உரித்த தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக்கு நடுவே பச்சை இழைகள்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு முடிவு செய்திருக்கிறேன். நூல் முழுவதும் ஒரே கடையில், ஒரே நிறத்தில், நல்ல சிவப்புப் பருத்தி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கண்டைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். சிவப்பு உடைமர இலைகளுக்குள் கண்ணில் படும். எவ்வளவு கொடுத்தோம், மாலையில் எவ்வளவு திரும்பி வந்தது என்று கண்டு எண்ணி எழுதி வைக்கப் போகிறோம்; அக்காள் மகள் நோட்டுப் போட்டுவிட்டாள். தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான், கடைச் சாவி தரமாட்டேன்.

வடக்குக் கரையில் ஒரு பெரிய உடைமரத்தின் உச்சியில் இன்னும் ஒரு பச்சை இழை இருக்கிறது. துரட்டி எட்டவில்லை, தாத்தா ஏறுகிறேன் என்றார், முள்மரத்தில் ஏற வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். நாளை ஏணி கொண்டு போகிறோம். தம்பி, உங்கள் குளத்துக் கரையில் எத்தனை மரங்கள், என்ன உயரம் என்று பார்த்து எழுதுங்கள். நீளத் துரட்டி ஒன்று செய்து அனுப்பத் தாத்தா மூங்கில் பார்த்து வைத்திருக்கிறார்.